அரிப்புக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே

நாய்க்குத் திடீரென்று தோல் சிவந்து அரிக்கிறது. டாக்டரை உடனே பார்க்க வழியில்லை. அந்தச் சில மணி நேரத்தில் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது?

காலையில் ஒரு ரூபாய்க் காசளவு இருந்த சிவப்பு, மாலைக்குள் உள்ளங்கை அகலத்துக்குப் பரவிவிடும். முடி கொத்தாக ஒட்டிக்கொள்ளும், நீர் கசியும், நாற்றம் எழும். நேற்று வரை வாசல் மணி அடித்தால் முதல் ஆளாக ஓடிய செல்லம், இன்று உட்கார்ந்த இடத்திலேயே சுழன்று தன் தொடையைத் தானே கடித்துக்கொண்டிருக்கும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் நாய் வளர்க்கும் வீடுகள் பலவற்றுக்கும் இது பழக்கமான காட்சி.

பெரும்பாலும் இது தெரியவரும் நேரம்தான் சிக்கல். ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும், அல்லது இரவு பத்து மணியாக இருக்கும். நகரத்தில் கிளினிக் மூடியிருக்கும். சிற்றூர்களில் இருக்கும் ஒரே கால்நடை மருத்துவர், சுற்றுவட்டாரத்து மாடு கன்றுகளைப் பார்க்கப் போயிருப்பார். அவர் வரும்வரை வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் கிளம்பும். பாட்டி மஞ்சளை எடுப்பார், பக்கத்து வீட்டுக்காரர் வேப்பெண்ணெயைச் சொல்வார், மெடிக்கல் ஷாப்பில் ஒரு ட்யூப் களிம்பு கொடுப்பார்கள். எல்லாமே அன்பினால் செய்வதுதான். ஆனால் அந்த அன்பு பூசியதையெல்லாம் ஆஸ்பத்திரி மேசையில் முதலில் வழித்தெடுத்த பிறகுதான் டாக்டரால் புண்ணையே பார்க்க முடிகிறது.

ஆகவே இதை மனதில் இருத்திக்கொள்ளுங்கள்: டாக்டரைப் பார்க்கும்வரை வீட்டில் நாம் செய்ய வேண்டியது வைத்தியமல்ல, காவல். தோலைக் குளிர வைப்பது, நாக்கும் நகமும் பல்லும் அதன்மேல் படாமல் தடுப்பது, புண்ணின் அடையாளங்களை அழிக்காமல் டாக்டர் கண்ணில் காட்டுவது. இந்த மூன்றும் போதும்.

விடியும் வரை காத்திருக்கக் கூடாதவை

முதலில் நாயைத் தலையிலிருந்து வால் வரை ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு வண்டியை எடுங்கள்.

• முகம், உதடு, கண் இமை வீங்குவது. அதோடு மூச்சுத் திணறல், வாந்தி, பேதி, தள்ளாட்டம். தேனீ, குளவி, எறும்புக் கடியாலும் தடுப்பூசி ஒவ்வாமையாலும் இப்படி வரலாம். மழைக்காலத்தில் புதருக்குள் மூக்கை நுழைத்துவிட்டு வந்த நாய்க்கு முகம் வீங்கினால் பாம்புக் கடியாகவும் இருக்கலாம். கட்டுப் போடவோ கீறவோ வேண்டாம்.

• ஈறு வெளுத்துப் போவது, நாய் மயங்கிச் சரிவது.

• வயிற்றுத் தோலிலோ ஈறிலோ ஊதாப் புள்ளிகள், மூக்கில் இரத்தம். உண்ணிக் காய்ச்சலில் இரத்தத் தட்டணுக்கள் குறையும்போது தோன்றும் அறிகுறிகள் இவை.

• புண்ணுக்குள் புழு நெளிவது. ஈ முட்டையிட்ட புண் மணிக்கணக்கில் ஆழமாகும்.

• ஆசிட், பிளீச்சிங் பவுடர், சுண்ணாம்பு, வெந்நீர், எண்ணெய் பட்ட தோல். ஆறிய எண்ணெயோ பவுடரோ ஒட்டியிருந்தால் முதலில் அதைத் தட்டியோ ஒற்றியோ எடுத்துவிட்டு, ஓடும் குளிர்ந்த நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டுக் கிளம்புங்கள்.

• உடல் வெப்பம் 103 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல். நாயின் இயல்பான வெப்பம் 101 முதல் 102.5 வரை. நமக்குக் காய்ச்சல் எனப்படும் அளவு அதற்கு இயல்பு என்பதால் தொட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

• மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டி, கருவுற்ற நாய், சாப்பாட்டை அடியோடு மறுக்கும் நாய்.

இவை எதுவும் இல்லை, நாய் தெளிவாக இருக்கிறது, தண்ணீர் குடிக்கிறது, தோல்தான் தொல்லை என்றால் பதற வேண்டாம். அடுத்த பணியைத் தொடங்கலாம்.

ஏன் இத்தனை வேகம்?

நாயின் மேல்தோல் மூன்று முதல் ஐந்து செல் அடுக்குகள் கொண்டது. மனிதத் தோலில் பத்து முதல் பதினைந்து அடுக்குகள். நம் தோல் லேசான அமிலத் தன்மை உடையது; நாயின் தோல் நடுநிலையை ஒட்டியது. பார்க்க அடர்ந்த முடியும் முரட்டுத் தோலுமாகத் தெரிந்தாலும், உள்ளே இருப்பது நம்முடையதைவிட மெல்லிய சுவர். நாம் குளிக்கும் சோப்பும் ஷாம்பும் அதற்கு ஒத்துவராததன் காரணமும் இதுதான்.

அந்தச் சுவரில் ஒரு தெள்ளுப்பூச்சி கடிக்கிறது என்று வையுங்கள். அரிக்கிறது. நாய் சொறிகிறது, நக்குகிறது, முன்பற்களால் கடித்துக் கோதுகிறது. தோல் உரிகிறது. எச்சிலும் மழை ஈரமும் முடிக்கடியில் தேங்குகின்றன. தோலின்மேல் எப்போதும் சாதுவாகக் குடியிருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவுக்கு அந்த வெதுவெதுப்பான ஈரமே போதும், பெருகத் தொடங்குகிறது. அதனால் வலியும் அரிப்பும் கூடுகின்றன. நாய் இன்னும் வேகமாக நக்குகிறது. சில மணி நேரத்தில் ஒரு பெரிய ஈரப் புண். இதைத்தான் டாக்டர்கள் 'ஹாட் ஸ்பாட்' என்கிறார்கள். கோல்டன் ரெட்ரீவர், லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற அடர்முடி இனங்களில் இது அதிகம். மெல்லிய முடி கொண்ட ராஜபாளையமும் நாட்டு நாயும் இதற்கு முழு விலக்கல்ல.

இதில் கவனிக்க வேண்டியது, தொடங்கி வைத்தது எதுவாக இருந்தாலும் புண்ணைப் பெரிதாக்குவது நாயின் நாக்கும் பல்லும்தான். காரணத்தைக் கண்டுபிடிப்பது டாக்டரின் வேலை. அந்தச் சுழற்சியை இன்றிரவே அறுப்பது நம்மால் முடியும்.

இடம் சொல்லும் சேதி

தோல் நோயில் இடம் ஒரு பெரிய சாட்சி. வால் தொடங்கும் இடத்திலும் இடுப்பின் பின்புறத்திலும் அரிப்பு என்றால் முதல் சந்தேகம் தெள்ளுப்பூச்சி. ஒவ்வாமை உள்ள நாய்க்கு ஓரிரு கடியே பல நாள் அரிப்பைத் தரும். பூச்சி கண்ணில் படாவிட்டாலும் ஆச்சரியமில்லை. ஒரு வெள்ளைத் துணியை நனைத்து விரித்து, அதன்மேல் சீப்பால் முடியை வாரிப் பாருங்கள். விழும் கறுப்புத் துகள்களைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம், அதாவது செரித்த இரத்தம்.

காதுக்குக் கீழே, கன்னத்தில் ஈரப் புண் வந்தால் பெரும்பாலும் உள்ளே காது வலிக்கிறது என்று பொருள். விரலிடுக்கையும் பாதத்தையும் ஓயாமல் நக்கினால் ஒவ்வாமையாக இருக்கலாம், இடுக்கில் உண்ணி இருக்கலாம், வீடு துடைத்த பினாயில் ஈரத்தில் நடந்ததாலும் இருக்கலாம். காது விளிம்பு, முழங்கை, பின்னங்கால் மூட்டு ஆகிய இடங்களில் முடி கொட்டி, செதில் படர்ந்து, தூங்க விடாமல் அரித்தால் சொறிப்பூச்சி. வீட்டு மனிதர்களுக்கும் கை, வயிற்றில் அரிக்கத் தொடங்கினால் அந்தச் சந்தேகம் வலுக்கும். வட்ட வட்டமாக முடி உதிர்ந்தால் படை. இதுவும் நமக்குத் தொற்றும், குழந்தைகளைத் தள்ளி வையுங்கள். உடம்பெங்கும் திடீர்த் தடிப்புகள் எழுந்து முடி மேடு மேடாகத் தூக்கி நின்றால் பூச்சிக் கடி, மருந்து, தடுப்பூசி ஆகியவற்றுக்கான ஒவ்வாமை.

மழைக்காலத்துக்கே உரிய இன்னொன்று கம்பளிப்பூச்சி. முருங்கை மரத்தடியில் படுத்து எழுந்த நாய் முகத்தைத் தரையில் தேய்த்தால் நினைவில் வர வேண்டியது இது. பூச்சியின் ரோமங்கள் குத்திக்கொண்டு நிற்கும். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் உள்ளே போகும். கையுறை போட்டுக்கொண்டு, செலோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்துவிட்டு, ஓடும் நீரில் கழுவுங்கள். நாக்கு வீங்கினால் உடனே ஆஸ்பத்திரி.

காவலின் படிகள்

ஒருவர் நாயின் தலைப்பக்கம் அமர்ந்து பேச்சுக் கொடுக்கட்டும், மற்றவர் வேலையைச் செய்யட்டும். வலியில் இருக்கும் நாய் எஜமானரையும் கடிக்கும். அது துரோகமல்ல, வலி. கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, வளர்ப்பு நாய்தானே என்று விட்டுவிடாமல் ஆரம்ப சுகாதார நிலையம் செல்லுங்கள். நாயின் வாயைக் கட்ட வேண்டி வந்தால் மெல்லிய பருத்தித் துணியால் சில நிமிடம் மட்டும் கட்டலாம். வாந்தி எடுக்கும் நாய்க்கும், மூச்சு வாங்கும் நாய்க்கும், பக் போன்ற சப்பை மூக்கு நாய்க்கும் கட்டவே கூடாது.

முதலில் ஒரு போட்டோ. எதையும் துடைப்பதற்கு முன், நல்ல வெளிச்சத்தில், தூரத்திலிருந்து ஒன்று, நெருக்கத்தில் ஒன்று. புண்ணின் பக்கத்தில் ஒரு காசை வைத்து எடுத்தால் அளவு தெரியும். காலையில் மீண்டும் எடுங்கள். எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதை டாக்டருக்கு வாயால் விளக்குவதைவிட இது தெளிவாகச் சொல்லும்.

அடுத்தது குளிர்ச்சி. சுத்தமான பருத்தித் துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து, சிவந்த இடத்தின்மேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வையுங்கள். அழுத்தவும் தேய்க்கவும் வேண்டாம். நாளுக்கு மூன்று நான்கு முறை செய்யலாம். ஐஸ் கட்டியை நேரடியாக வைக்கக் கூடாது. குளிர்ச்சி அரிப்பு உணர்வை மட்டுப்படுத்தும், வீக்கத்தைக் குறைக்கும். நாம் கையில் எடுக்கக்கூடிய வைத்தியங்களில் பக்கவிளைவு இல்லாதது இதுவே.

பிறகு சுத்தம். நீர் கசியும் புண்ணுக்கு உப்புத் தண்ணீர் போதும்: அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, தலைதட்டிய ஒரு டீஸ்பூன் உப்பைக் கரைத்து, நன்றாக ஆறவிடுங்கள். அதைப் புண்ணின்மேல் ஊற்றிக் கழுவி, காஸ் துணியால் ஒற்றி எடுங்கள். பஞ்சு வேண்டாம், இழை ஒட்டிக்கொள்ளும். வீட்டில் போவிடோன் அயோடின் திரவம் இருந்தால், பால் கலக்காத லேசான டீயின் நிறம் வரும் அளவுக்குத் தண்ணீரில் கலந்து ஒருமுறை ஒற்றலாம். கண்ணுக்கு அருகிலும் காதுக்குள்ளும் எதையும் ஊற்றாதீர்கள். காதுச் சவ்வு கிழிந்திருந்தால் நல்ல மருந்தும் செவியைக் கெடுக்கும்.

முடி. புண்ணை மூடிய முடி ஈரத்தைப் பூட்டி வைக்கும். டிரிம்மர் இருந்து, நாயும் சம்மதித்தால், புண்ணைச் சுற்றி ஒரு விரற்கடை வரை மழித்துவிடலாம். கத்தரிக்கோல் எடுக்காதீர்கள். ஒட்டிப்போன முடிக்குள் தோல் எங்கே இருக்கிறது என்று தெரியாது. நாய் ஒருமுறை துள்ளினால் தையல் போடும் அளவுக்கு வெட்டுப்படும். நாய் கத்தினாலோ உறுமினாலோ விட்டுவிடுங்கள். மயக்க மருந்து கொடுத்து மழிக்க வேண்டிய புண்களும் உண்டு.

எல்லாவற்றிலும் முக்கியமானது தடுப்பு. பெட் ஷாப்பில் கிடைக்கும் பிளாஸ்டிக் கூம்பு காலர் பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். ஆனால் இன்றிரவு உங்கள் நாய்க்குக் கிடைக்கும் பெரிய உதவி அதுதான். கூம்பின் விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி நிற்க வேண்டும். கழுத்தில் இரண்டு விரல் நுழைய வேண்டும். கூம்பு இல்லையென்றால், உடம்பில் புண்ணுக்குப் பழைய பருத்தி டி-ஷர்ட், பாதத்தில் புண்ணுக்குச் சுத்தமான சாக்ஸ். இறுக்கிக் கட்ட வேண்டாம், நனைந்தால் மாற்றுங்கள். ஈரப் புண்ணை பிளாஸ்டர் போட்டு மூடவே கூடாது. காற்றுப் பட வேண்டும். கூம்போடு தண்ணீர் குடிக்கச் சிரமப்பட்டால் கிண்ணத்தை உயர்த்தி வையுங்கள். சாப்பிடும்போது கழற்றினால் பக்கத்திலேயே இருங்கள். நீங்கள் திரும்பிய ஐந்து நிமிடத்தில் ஒரு நாள் காவல் வீணாகிவிடும்.

உடம்பு முழுக்க அரிக்கிறது, திறந்த புண் இல்லை, டாக்டரைப் பார்க்க இரண்டு நாள் ஆகும் என்றால் ஓட்ஸ் குளியல் உதவும். இனிப்போ மசாலாவோ சேர்க்காத வெறும் ஓட்ஸை மிக்ஸியில் மாவாக அரைத்து, குளிர்ந்த நீரில் பால்போல் கலங்கும்வரை கலக்குங்கள். அதில் பத்து நிமிடம் நனைய விட்டு அலசுங்கள். வெந்நீர் அரிப்பைக் கூட்டும். குளித்தபின் டவலால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். அக்குள், தொடை இடுக்கு, விரலிடுக்கு, தாடை மடிப்பு ஆகியவற்றைக் காய வையுங்கள். டிரையரின் சூட்டுக் காற்று வேண்டாம். மறுநாளே டாக்டரைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் முழுக் குளியலைத் தவிருங்கள். செதிலும் தெள்ளுப்பூச்சி எச்சமும் டாக்டருக்கு வேண்டிய தடயங்கள்.

உண்ணி கண்ணில் பட்டால் பிளக்கரால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுத்தெடுங்கள். விரலால் நசுக்காதீர்கள், சோப்புத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போடுங்கள். தீக்குச்சியால் சுடுவது, மண்ணெண்ணெய் தடவுவது இரண்டும் தோலைப் புண்ணாக்கும்.

கை போகக் கூடாத பொருட்கள்

மஞ்சளும் வேப்பெண்ணெயும் நம் வீடுகளில் மதிப்புள்ள பொருட்கள். ஆனால் நீர் கசியும் புண்ணின்மேல் எண்ணெய் எதைப் பூசினாலும் ஈரம் உள்ளே அடைபடும். தேங்காய் எண்ணெய்க்கும் இது பொருந்தும். மஞ்சள் தோலுக்குச் சாயமேற்றி, சிவப்பு எதுவரை பரவியிருக்கிறது என்பதை மறைத்துவிடும். கலக்காத வேப்பெண்ணெய் உரிந்த தோலை எரிக்கும். சோற்றுக்கற்றாழை குளிர்ச்சிதான், அதன் தோலடியில் வடியும் மஞ்சள் பாலை நாய் நக்கினால் வாந்தியும் பேதியும் வரும். மாட்டின் மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசும் முறை தமிழகத்தில் பரவலாகக் கையாளப்படுகிறது. அது மாட்டின் மடிக்கு உரிய மருந்து. சுண்ணாம்பு கலந்த அந்த விழுதை நாயின் பச்சைப் புண்ணில் வைத்தால் வேகும், நக்கினால் வாயும் வேகும்.

டெட்டாலை அப்படியே ஊற்றுவது, ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைக்கும்வரை விடுவது, ஸ்பிரிட் தடவுவது மூன்றுமே ஆறத் தொடங்கும் தோலைச் சிதைப்பவை. கற்பூரம் கலந்த தைலங்களும் டீ ட்ரீ ஆயிலும் நாய்க்கு நஞ்சு. பவுடர் போட்டால் ஈரத்தில் கட்டியாகி, அடியில் சீழ் பிடிக்கும். காலமைனில் துத்தநாக ஆக்சைடு இருக்கிறது. நக்கினால் வயிற்றைக் கெடுக்கும், நிறைய உள்ளே போனால் சிவப்பணுக்களையே உடைக்கும். நாய்க்குப் பூசுவது எல்லாம் நாய் தின்னப் போவதே என்று எண்ணிக்கொண்டு எதையும் கையில் எடுங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் 'அரிப்புக்கு' என்று கேட்டால் கிடைக்கும் களிம்புகள் பலவற்றில் குளோபெட்டசால் போன்ற கடும் ஸ்டீராய்டும், பூஞ்சை மருந்தும், ஆன்டிபயாடிக்கும் ஒன்றாகக் கலந்திருக்கும். பூசிய அன்று சிவப்பு அடங்கும். உள்ளே இருப்பது படையாகவோ டெமோடெக்ஸ் என்னும் சொறிப்பூச்சியாகவோ இருந்தால், எதிர்ப்பாற்றல் குறைந்துபோன தோலில் அது தங்குதடையின்றிப் பரவும். ஒரு வாரம் கழித்து வரும் நாயின் தோலில் எது நோய், எது மருந்தின் விளைவு என்று பிரித்துச் சொல்லவே டாக்டர் திணற வேண்டியிருக்கும்.

உண்ணி மருந்து இன்னொரு அபாயம். மாட்டுக்கு என்று வாங்கிய அமிட்ராஸ், டெல்டாமெத்ரின் திரவங்களைக் குத்துமதிப்பாகக் கலந்து நாயின்மேல் ஊற்றுகிறார்கள். அளவு கூடினால் நடுக்கம், தள்ளாட்டம், இதயத் துடிப்புத் தளர்வு. உரிந்த தோல் வழியாக மருந்து இன்னும் வேகமாக உள்ளே போகும். அதே வீட்டில் பூனை இருந்தால் நாய்க்கான பெர்மெத்ரின் மருந்துகள் அதன் உயிரையே எடுக்கும்.

மாத்திரைப் பெட்டியை மூடுங்கள்

வலிக்குமே என்று பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எதையும் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் அளவு மீறினால் நாயின் கல்லீரலையும் சிவப்பணுக்களையும் தாக்கும். மற்ற இரண்டும் இரைப்பையில் புண்ணையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கும்.

ஒவ்வாமைக்கு செட்ரிசின் போன்றவற்றை நாய்க்கும் டாக்டர்கள் எழுதுவது உண்டு. ஆனால் எடைக்கேற்ற அளவை டாக்டர் போனிலாவது சொல்லிய பிறகே கொடுக்க வேண்டும். நாம் சளிக்குப் போடும் கூட்டு மாத்திரைகளில் அதோடு மூக்கடைப்பு மருந்தும் சேர்ந்திருக்கும். அது நாயின் இதயத்தைத் தாறுமாறாக ஓட வைக்கும். சிரப்புகளில் இனிப்புக்காகச் சைலிட்டால் சேர்த்திருந்தால் இரத்தச் சர்க்கரை சட்டென்று சரியும்.

போன தடவை மிஞ்சிய ஆன்டிபயாடிக்கும் வேண்டாம். இரண்டு நாள் கொடுத்து நிறுத்தினால் எளிய கிருமி சாகும், முரட்டுக் கிருமி தங்கும். மருந்துக்குக் கட்டுப்படாத ஸ்டஃபைலோகாக்கஸ் இன்று உலகெங்கும் கால்நடை மருத்துவத்தின் பெரிய கவலை.

டாக்டர் முன்னால்

தோல் நோய்க்கு டாக்டர் செய்யும் சோதனைகள் எளியவை. பிளேடின் மழுங்கிய விளிம்பால் தோலைச் சுரண்டி, எண்ணெய்த் துளியில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்; டெமோடெக்ஸைத் தேட லேசாக இரத்தம் துளிர்க்கும்வரை சுரண்ட வேண்டும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். புண்ணின்மேல் கண்ணாடிச் சில்லையோ டேப்பையோ ஒற்றி எடுத்து, பாக்டீரியாவா ஈஸ்ட்டா என்று பார்ப்பார். நாம் களிம்பும் மஞ்சளும் அப்பியிருந்தால் அந்தச் சில்லில் தெரிவது களிம்பும் மஞ்சளும்தான். புண்ணை வெறுமனே விட்டு வைக்கச் சொல்வதன் காரணம் இது.

இந்த விவரங்களை ஒரு தாளில் எழுதிப் போங்கள்: எப்போது தொடங்கியது, முதலில் எந்த இடம், கடைசி உண்ணி மருந்தின் பெயரும் தேதியும், கடைசித் தடுப்பூசி, புதிய தீனி, புதிய ஷாம்பு, தரை துடைக்கும் புதிய திரவம், வீட்டில் வேறு விலங்கு உண்டா, மனிதர் யாருக்காவது அரிக்கிறதா, இதே பருவத்தில் போன ஆண்டும் வந்ததா. நீங்கள் ஏற்கனவே எதையாவது பூசியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், ட்யூபையும் கொண்டுபோங்கள். டாக்டர் ஒருவேளை திட்டலாம்; ஆனால் தெரியாமல் மருந்து எழுதுவதைவிட அது நல்லது. நாயின் இனத்தையும் சொல்லுங்கள். சொறிக்குப் பயன்படும் ஐவர்மெக்டின் ஊசி, கோலி வகை நாய்களில் மரபணுக் காரணத்தால் மூளையைத் தாக்கக்கூடியது.

1903-ல் தொடங்கப்பட்டு, இப்போது சென்னை வேப்பேரியில் இயங்கும் மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரி மருத்துவமனைகளும் செல்லப் பிராணிகளைப் பார்க்கின்றன. அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகம் மாட்டுக்கு மட்டும்தான் என்று எண்ண வேண்டாம், நாயையும் கொண்டுபோகலாம். இரவில் திறந்திருக்கும் கிளினிக் ஒன்றின் எண்ணை, தேவை வரும் முன்னரே போனில் பதிந்து வைப்பது இன்னும் நல்லது.

தெருவில் இருப்பவர்களுக்கும்

சொறி பிடித்த தெருநாயின்மேல் வண்டியின் பழைய கறுப்பு ஆயிலை ஊற்றும் வழக்கம் இன்னும் நம் ஊர்களில் உண்டு. இரக்கத்தில் செய்பவர்களும் இருக்கிறார்கள். பழைய எஞ்சின் ஆயிலில் உலோகக் கழிவுகளும் நச்சு வேதிப்பொருட்களும் இருக்கின்றன. நாய் அதை நக்குகிறது. தோல் வழியாகவும் உள்ளே போகிறது. வெயிலில் உடம்பு வேகிறது. பூச்சி செத்தாலும் நாயும் சேர்ந்து நலியும். தயவுசெய்து நிறுத்துங்கள், ஊற்றுபவரைக் கண்டால் எடுத்துச் சொல்லுங்கள். சொறிக்கு இன்று டாக்டர் அளவு சொல்லி உணவில் வைத்துக் கொடுக்கும் மாத்திரைகளே இருக்கின்றன. தினமும் சோறு வைக்கும் கைக்கு அது எட்டாத வேலை இல்லை. தொட நேர்ந்தால் கையுறை போடுங்கள். சொறிப்பூச்சி மனிதருக்கும் ஏறும்.

அடுத்த மழைக்கு முன்

நாயின்மேல் காணும் வளர்ந்த தெள்ளுப்பூச்சிகள் மொத்தத்தில் ஏறத்தாழ 5 சதவீதமே என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. மற்றவை முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் பாயிலும் சோபா இடுக்கிலும் மண்ணிலும் காத்திருக்கின்றன. நாய்க்கு மட்டும் மருந்து போட்டு, அது படுக்கும் சாக்கை அப்படியே விட்டால் அடுத்த படை தயார். படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். பழுப்பு நாய் உண்ணி சுவர் ஏறும்; விரிசல்களில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அந்த விரிசல்களை அடைத்துவிடுங்கள்.

உண்ணியைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். நாய்களின் சிவப்பணுக்களை அழிக்கும் பபேசியா கிப்சோனி என்ற ஒட்டுண்ணியை பாட்டன் என்ற ஆய்வாளர் 1910-ல் உலகுக்கு முதன்முதலில் அறிவித்தது, நம் சென்னையின் 'மெட்ராஸ் ஹன்ட்' என்ற வேட்டைக் குழுவின் நாய்களின் இரத்தத்தில் கண்டுதான். நூறாண்டுக்கு மேலாகியும் உண்ணியால் பரவும் அந்த நோய் நம்மைவிட்டுப் போகவில்லை. மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ கொடுக்கும் உண்ணி மாத்திரைகள் இப்போது கிடைக்கின்றன. வலிப்பு வந்த வரலாறு இருந்தால் டாக்டரிடம் அதை முதலில் சொல்லுங்கள். மழையில் நனைந்து வந்தால் முடியின் வேர்வரை துடையுங்கள். கடற்கரை போய்வந்தால் உப்பும் மணலும் போக அலசுங்கள். வாரம் ஒருமுறை காதை முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை வந்தால் புண் வெளியே வருமுன்னரே டாக்டரிடம் காட்டலாம்.

தோல் நோய் பெரும்பாலும் உயிரை எடுப்பதில்லை. அதனால்தான் வீடுகளில் அது தள்ளிப்போடப்படுகிறது. ஆனால் அரிக்கும் நாய் தூங்குவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை, நாம் கொஞ்ச வந்தாலும் விலகுகிறது. அதற்குச் சொல்லத் தெரியாது. ஆகவே இன்றிரவு குளிர்ந்த துணியும் கூம்பு காலரும் கொஞ்சம் பொறுமையும் கொடுங்கள். நாளை காலை, புண் வறண்டு போனதுபோல் தெரிந்தாலும், டாக்டரிடம் கட்டாயம் கூட்டிப்போங்கள்.